இரண்டு டிஸ்க்கும் புஷ்பத்தின் துண்டும்

இதை எனக்கு முதலில் சொன்னது புஷ்பம். போன வருஷம் எங்கள் கோயில் பண்டிகைக்கு அசனம் ஆக்கினபோது, சபையார் அத்தனை பேருக்குமான அந்தச் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினோம். மூன்று மூட்டை. கதை முடியவும் மூட்டை முடியவும் சரியாக இருந்தது. புஷ்பத்தின் வீட்டுக்காரர் வேதமாணிக்கமும் இந்தக் கதையில் இருக்கிறார். அதனால் அவள் சொன்னதில் பாதி புருஷன்மேல் உள்ள கோபம். அதைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லுகிறேன். நானாக எதையும் கூட்டவில்லை. கூட்டியிருந்தாலும் ஆண்டவர் மன்னிப்பார். கிருபைவிளைக் கமிட்டியையே மன்னித்தவர் அவர்.

கிருபைவிளை என்பது தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊர். செம்மண், பனைமரம், ஒரு கோயில், அந்தக் கோயிலுக்கு ஒரு கமிட்டி. போதகர் ஐயா மாற்றலாகிப் போய், புதியவர் இன்னும் வந்து சேராத நேரம் அது. அதனால் எல்லாவற்றுக்கும் கமிட்டிதான். கமிட்டி என்றால் மூன்று பேர்.

செயலாளர் ஞானாதிக்கம். பத்திரப்பதிவு ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அசல், நகல் என்று பிரித்துவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். அவருக்கு இரட்டைப் பேரப்பிள்ளைகள் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் போய், "இதுல முதல்ல வந்தது எது?" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையில் தூக்கினாராம். பொருளாளர் வேதமாணிக்கம், முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். மூன்றாவது ரூபி டீச்சர். மூன்றாம் வகுப்புக்கு முப்பத்தாறு வருஷம் பாடம் எடுத்தவர். அவர் வகுப்பில் ஒரு பிள்ளைகூட பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினது கிடையாது. அதனால் அந்த ஊரில் பெரிய மார்க் வாங்கினவரும் கிடையாது.

கோயில் பதிவேடுகளைக் கரையான் அரித்துவிட்டது. அதற்குமுன் புண்ணியவான் யாரோ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யார் யாரைக் கட்டினது, யார் எந்தக் குழியில் கிடக்கிறது, எல்லாம் ஒரு சர்வர் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். சின்ன ஜெபப்புத்தகம் அளவு இருக்கும். ஒன்றில் எழுதுவதையெல்லாம் மற்றதும் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்கும். என் மகன் இப்படித்தான் எனக்கு விளங்கப்படுத்தினான்.

மழையில் அந்தப் பெட்டிமேல் இடி இறங்கிவிட்டது. டிஸ்க்குகள் தப்பின, பெட்டி போய்விட்டது. அதே நேரம் கோயில் ஆபீசையும் எட்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ் ரோட்டுமேல் இருக்கிற நாலுமுக்குக்கு மாற்றுகிறார்கள். அங்கே புதுப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. ஆக, பழைய பெட்டியிலிருந்து இரண்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டுபோய்ப் புதுப் பெட்டியில் போடவேண்டும். அவ்வளவுதான் வேலை. என் மகன் இதற்குக் கால்மணி நேரம் ஆகும் என்கிறான். கமிட்டிக்கு மூன்று நாள் ஆனது.

அந்த மூன்று நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தவள் பெனினாள். கிருபைவிளைப் பெண், நர்ஸ் வேலை. எப்ராத்தாபுரத்து ஜெபகரனுக்குப் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கல்யாணத்துக்குமுன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்கவேண்டும்; இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று. பெண்ணுடைய ஞானஸ்நான சர்டிபிகேட் போய்ச் சேராமல் மாப்பிள்ளை ஊரில் ஓலை வாசிக்கமாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசான லெந்துகாலம் தொடங்க சரியாக மூன்று ஞாயிறுதான் பாக்கி. லெந்தில் கல்யாணம் கிடையாது. லெந்து முடிவதற்குள் மாப்பிள்ளை கப்பல் ஏறிவிடுவான், திரும்பி வர பதினோரு மாதம். இந்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தால் கல்யாணம். இல்லாவிட்டால் பதினோரு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை பெனினாள் வந்து நின்றாள்.

"மாமா, என் சர்டிபிகேட்டு?"

"டிஸ்க்கை மாத்தினதும் முதல் வேலை அதுதாம்மா," என்றார் ஞானாதிக்கம். "நீ டூட்டிக்குப் போ. கமிட்டி இருக்கு."

கமிட்டி இருப்பதுதான் அவளுக்குப் பயம். ஆனாலும் போனாள்.

ஞானாதிக்கத்தின் மருமகன் முறையான கிளாட்சன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். லீவு கிடைக்காததால் போனிலேயே சொல்லிக்கொடுத்தான். ஞானாதிக்கம் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"மாமா, கழட்டினதும் எது ஒண்ணு, எது ரெண்டுன்னு எழுதி ஒட்டிருங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். அதனால ரெண்டையும் ஒரே வண்டியில கொண்டுபோவாதீங்க. வழியில ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா மத்தது தப்பிக்கணும்லா?"

"சரி மருமவனே. ஒரே வண்டியில கொண்டுபோவ மாட்டோம்."

கழற்றினார்கள். ஒட்டினார்கள். பிறகு பஸ் ஸ்டாப்பில் நின்று ஆலோசனை நடந்தது.

"டிஸ்க் ரெண்டு, நாம மூணு பேரு," என்றார் ஞானாதிக்கம். "எப்படிப் பிரிக்க?"

"ஆளைப் பிரிக்கச் சொல்லலியே அண்ணாச்சி," என்றார் வேதமாணிக்கம். "டிஸ்க்கைத்தான பிரிக்கச் சொன்னான்."

"கமிட்டி பிரியவே கூடாது," என்றார் ரூபி டீச்சர். "முன்னால ஒருதரம் கமிட்டி பிரிஞ்சுதான் கீழத்தெருவுல தனிக்கோயில் வந்துச்சு."

அது நியாயம் என்று பட்டது. ஒன்பது பத்துக்கு வந்த பஸ்ஸில் வேதமாணிக்கம் ஏறினார். தோளில் கிடந்த துண்டை ஜன்னலோர சீட்டில் விரித்து, இரண்டாம் நம்பர் டிஸ்க்கை அதன்மேல் உட்கார வைத்தார். நாலுமுக்குக்கு ஒரு டிக்கெட் எடுத்து அதன் பக்கத்திலேயே செருகினார். பிறகு இறங்கிக்கொண்டார். பஸ் போய்விட்டது. முதல் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கமிட்டி ஒன்பது நாற்பது பஸ்ஸில் ஒற்றுமையாகப் போனது.

அந்தத் துண்டு புஷ்பம் அன்று காலைதான் புதிதாக எடுத்துக்கொடுத்தது. நீலக்கரை போட்டது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நாலுமுக்கில் இறங்கிப் பார்த்தால் டிஸ்க் இல்லை. நிழலில் நின்று கொஞ்சநேரம் காத்திருந்தார்கள். கிளாட்சன் கூப்பிட்டான்.

"மாமா, ரெண்டும் வந்து சேந்துட்டா?"

"ஒண்ணு வந்துட்டு. ரெண்டாவது இன்னும் இறங்கல."

"எங்க இருந்து இறங்கல?"

"பஸ்ஸுல இருந்து."

"யார் கொண்டு வாறாங்க?"

"யாரும் கொண்டு வரல. அதுதான் வருது."

பெங்களூரில் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. ஞானாதிக்கம் லைன் கெட்டுப்போனதாக நினைத்து வைத்துவிட்டார்.

"டிக்கெட்டுல நாலுமுக்குன்னு தெளிவா இருக்கு," என்றார் வேதமாணிக்கம் வருத்தத்தோடு. "பக்கத்துலயே வச்சிட்டு வந்தேன்."

"அதுக்கு வாசிக்கத் தெரியுமாவே?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்குதீய? கோயில் பதிவேடு முழுக்க அதுக்குள்ள இருக்கு. நாலுமுக்குங்கிற ஒரு வார்த்தையை வாசிக்காதா?"

டிஸ்க் கடைசி ஸ்டாப்பான தேரிமுனைக்குப் போயிருந்தது. வேதமாணிக்கம் அடுத்த பஸ்ஸில் போய்ப் பார்த்தார். டிரைவர் அதைத் துண்டோடு சுற்றி, மூன்று மதத்துச் சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார். மவராசன், நல்லா இருக்கணும். ஆனால் வேதமாணிக்கம் தன் சர்வீசில் டிக்கெட் எடுத்த ஸ்டேஜைத் தாண்டிப் பிரயாணம் செய்த ஒருவரையும் விட்டவரில்லை. டிஸ்க்குக்காக அவரே அபராதம் கட்டி, ரசீதும் கேட்டு வாங்கினார். அந்தக் கண்டக்டர் வாங்க மாட்டேன் என்றாராம். இவர் சட்டம் பேசிக் கட்டிவிட்டு வந்தார். வியாழக்கிழமை அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை புதுப் பெட்டிமுன் மூன்று பேரும் நின்றார்கள். முதல் டிஸ்க்கைக் கையில் எடுத்த ஞானாதிக்கம் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுல அசல் எது?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு கிளாட்சன் சொன்னான்லா?" என்றார் வேதமாணிக்கம்.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணு அசல், ஒண்ணு நகல். ரெண்டு அசல் உலகத்துலயே கிடையாது. நான் முப்பத்துநாலு வருஷம் பாத்திருக்கேன்."

"ஒண்ணாம் நம்பர் அசல்னு வச்சிக்கிடுவோம்," என்றார் ரூபி டீச்சர்.

"அப்போ ரெண்டாம் நம்பர் நகல். நகல்ல கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து எங்க? பச்சை மையில கையெழுத்து இல்லாத நகலை நான் எந்தப் பெட்டியிலயும் உள்ள விட்டது கிடையாது."

நாலுமுக்கில் பச்சை மையில் கையெழுத்துப் போடக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. மாட்டு டாக்டர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் அவரிடம்தான் கையெழுத்து வாங்கும். கமிட்டி போனபோது டாக்டர் ஒரு பசுவுக்குள் முழங்கை வரைக்கும் கைவிட்டு நின்றார். கன்று திரும்பிக் கிடந்ததாம்.

"என்ன கேசு?" என்றார் திரும்பாமலே.

"நகல் சார்."

"எத்தனை மாசம்?"

"மாசம் இல்ல சார். அட்டெஸ்டேஷன்."

டாக்டர் கன்றை வெளியே எடுத்து, கை கழுவிக்கொண்டு வந்து, இரண்டு டிஸ்க்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இதை நான் எப்படி ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட?"

"நீங்க வழக்கமா எப்படி ஒப்பிட்டுப் பாப்பீங்களோ அப்படியே பாருங்க சார்," என்றார் ஞானாதிக்கம் மரியாதையாக.

டாக்டர் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"இதுல எது நகல்?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றார் வேதமாணிக்கம், கேட்டவருக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று.

வெளியே பதினோரு ஆடு காத்துக்கிடந்தது. டாக்டர் இரண்டு துண்டுக் காகிதத்தில் 'ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொன்றாக ஒட்டி, கமிட்டியை அனுப்பிவிட்டார்.

பாதி வழியில்தான் ஞானாதிக்கம் கவனித்தார். நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"ரெண்டுலயும் சீல் இருக்கு!"

"நல்லதுதான அண்ணாச்சி?"

"வே, சீல் குத்தினது நகல். ரெண்டுலயும் சீல் இருந்தா ரெண்டும் நகல். அப்போ அசல் எங்கவே?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அசல் தொலைந்துவிட்டது. வேதமாணிக்கம் சட்டைப் பையைத் தடவினார். ரூபி டீச்சர் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு வந்த வழியே மாட்டு ஆஸ்பத்திரிவரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியின் வைக்கோலைக்கூட விலக்கிப் பார்த்தார்களாம். டாக்டர் எதற்கும் வாய் திறக்கவில்லை. புத்திசாலி.

ஆபீசுக்கு வந்ததும் ஞானாதிக்கம் பேப்பரில் போட ஒரு விளம்பரம் எழுதினார்: 'கிருபைவிளைச் சபைக்குப் பாத்தியப்பட்ட அசல் டிஸ்க் ஒன்று பிரயாணத்தில் தவறிவிட்டது. நகல்கள் இரண்டும் பத்திரமாக உள்ளன. அசலைக் கண்டெடுப்பவர்கள் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்படைக்கவும்.'

எழுதி முடிக்கும்போது பெனினாள் வந்தாள். டூட்டி உடுப்போடு ஓடி வந்திருந்தாள்.

"மாமா, இன்னைக்கு வெள்ளி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எப்ராத்தாபுரம் போய்ச் சேரணும்."

"அசலைக் காணோம்மா. ஆண்டவர் சோதிக்கார்."

அவள் விளம்பரத்தை வாசித்தாள். தன் போனில் கிளாட்சனைக் கூப்பிட்டு ஞானாதிக்கத்தின் காதில் வைத்தாள்.

"மாமா, டிஸ்க் ரெண்டும் கையில இருக்கா?"

"நகல் ரெண்டும் இருக்கு. அசல்தான் தொலைஞ்சு போச்சு."

கிளாட்சன் இந்தக் குடும்பத்தில் பிறந்தவன். சுதாரித்துக்கொண்டான்.

"மாமா, அப்போ நகலையே போடுங்க. அசல் கிடைச்சதும் மாத்திக்கிடலாம்."

இது சட்டப்படி செல்லும் என்று ஞானாதிக்கத்துக்குப் பட்டது. ஆனால் அதற்குள் ஆபீஸ் பூட்டுகிற நேரமாகிவிட்டது. நேரத்துக்கு மேல் கமிட்டி வேலை செய்வதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் எங்கள் பக்கத்துக் கமிட்டிகள் எல்லாம் ஒன்று.

சனிக்கிழமை காலை பெனினாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிளாட்சன் போனில் சொன்னான்:

"முதல்ல ஒண்ணாம் நம்பரைப் போடுங்க. பச்சை லைட்டு வந்ததும் ரெண்டாவதைப் பக்கத்துல போடுங்க. ரெண்டாவது முதலைப் பார்த்து எல்லாத்தையும் எழுதிக்கும். எழுதி முடிக்கிறவரைக்கும் எதையும் தொடாதீங்க. அப்புறமா சர்டிபிகேட் எடுங்க."

முதல் டிஸ்க் போய் உட்கார்ந்தது. பச்சை லைட் வந்தது. ஞானாதிக்கம் இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

"நில்லுங்க," என்றார் ரூபி டீச்சர். "பார்த்து எழுதுமா?"

"அப்படித்தான் சொல்லுதான்."

"அது எப்படிப் பார்த்து எழுதலாம்? ஏலே கிளாட்சன், மூணாங்கிளாசுல ஜெபராணி சிலேட்டைப் பார்த்து எழுதினதுக்கு உன்னை முட்டி போட வச்சேனே, மறந்துட்டியா?"

"மறக்கல டீச்சர். ஆனா இது..."

"பேசாத. முப்பத்தாறு வருஷத்துல என் கண்ணு முன்னால ஒருத்தரும் பார்த்து எழுதினது கிடையாது. கோயில் ஆபீசுல அதுவும்!"

அவர் இரண்டாம் டிஸ்க்கை வாங்கிக்கொண்டுபோய் அடுத்த அறையில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். முன்னால் ஒரு பரீட்சை அட்டையும் பென்சிலும் வைத்தார். குடிக்கத் தண்ணீரும் வைத்தார். அந்த விஷயத்தில் இரக்கமுள்ளவர். "பயப்படாம யோசிச்சு நீயே எழுது," என்று சொல்லிவிட்டு, கதவருகே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார்.

பத்து மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. இரண்டாவது எழுதி முடிக்காமல் சர்டிபிகேட் எடுக்கக்கூடாது என்று நோட்டில் இருக்கிறதே, அதனால் கமிட்டி ஆடாமல் அசையாமல் இருந்தது.

"டீச்சர், ரெண்டாவதுல லைட்டு எரியுதா?" என்று கேட்டான் கிளாட்சன்.

"எரியல. தெரியாத கேள்வியா இருக்கும்."

"டீச்சர், அது பார்க்காம எழுதாது."

"அப்போ பெயிலாப் போகட்டும். வர்ற வருஷம் எழுதட்டும்."

"அத்தை!" என்றாள் பெனினாள். "வர்ற வருஷம் எழுதினா என் கல்யாணமும் வர்ற வருஷந்தான்!"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து மூன்று பேருக்குமே மனசு இளகிவிட்டது. கெட்டவர்கள் இல்லை பாருங்கள். வேதமாணிக்கம் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆனால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஜெபம் பண்ணுவோம்," என்றார் ரூபி டீச்சர். "டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில வையுங்க. அதுக்காகவே பண்ணுவோம்."

ரூபி டீச்சர் ஜெபம் நீளம். உலகத்தின் நாலு மூலையிலிருந்து தொடங்கி, தேசங்கள், மிஷனெரிகள், மழை, பனங்காடு என்று வந்து கிருபைவிளைக்குத் திரும்ப இருபது நிமிஷம் ஆகும். எல்லாரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். பெனினாள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தாள். ஊசி போடுகிற கை அது, நடுங்கவில்லை. டிஸ்க்கை எடுத்து, பச்சை மைக் காகிதத்தை உரித்து, இரண்டாவது இடத்தில் மெதுவாகச் செருகினாள். பிறகு பழையபடி கண்ணை மூடிக்கொண்டு, மற்ற எல்லாரையும்விடப் பலமாக "ஆமென்" சொன்னாள்.

ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தது தப்புதான். நான் அவளாக இருந்தால் ஐந்தாவது நிமிஷத்திலேயே திறந்திருப்பேன்.

கமிட்டி கண்ணைத் திறந்து பார்த்தால் இரண்டு பச்சை லைட். டிஸ்க் தானாக எழும்பிப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஞானாதிக்கம் செருப்பைக் கழற்றினார். ரூபி டீச்சர் அழுதார். "பாத்தீயளா? படிக்கிற பிள்ளைதான். தைரியம் சொன்னா போதும்," என்றார்.

"டிக்கெட்டும் வாசிக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் வேதமாணிக்கம்.

நாலு மணிக்கு எழுதி முடிந்தது. சர்டிபிகேட் வந்தது. ஞானாதிக்கம் கையெழுத்துப் போட்டு, ஓலை வாசிக்கும்படி கேட்கும் கடிதமும் எழுதினார். பெனினாள் கை நீட்டினாள். மணப்பெண்ணே தன் ஓலையைக் கொண்டுபோகிற வழக்கம் இல்லை என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று.

அவள் போன பிறகு ஞானாதிக்கம் நோட்டைப் பிரித்தார். மூன்று நாள் அனுபவத்தில் அவருக்கு ஒரு பெரிய உண்மை பிடிபட்டிருந்தது.

"வே, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். இனிமே நம்ம ஆபீசுல எதையும் ஒத்தையா அனுப்பப்படாது."

அப்படியே செய்தார்கள். சர்டிபிகேட் இரண்டு, கடிதம் இரண்டு. எது ஒன்று, எது இரண்டு என்று தெரியவேண்டும் அல்லவா? ஒவ்வொரு காகிதத்திலும் பெயருக்குப் பக்கத்திலேயே தெளிவாக எழுதினார்கள். ஒரே வண்டியிலும் அனுப்பவில்லை. சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் ஒன்று, ஞாயிறு முதல் பஸ்ஸில் ஒன்று. இந்தத் தடவை கடிதம் தனியாகப் போகவில்லை. ஆட்களும் கூடப் போனார்கள். திருந்திவிட்டார்கள்.

எப்ராத்தாபுரத்திலும் அன்று போதகர் ஐயா வெளியூர். ஆராதனை நடத்தியது வயதான உபதேசியார். கையில் கொடுத்ததை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கிறவர். பாட்டு முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் காகிதத்தை எடுத்தார்.

"இந்தச் சபையைச் சேர்ந்த ஜெபகரன் என்பவருக்கும், கிருபைவிளைச் சபையைச் சேர்ந்த பெனினாள் ஒன்று என்பவருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது."

பாடகர் வரிசையில் இருந்த ஜெபகரன் லேசாகச் சிரித்துக்கொண்டான். உபதேசியார் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

"மேற்படி ஜெபகரன் என்பவருக்கும், மேற்படி சபையைச் சேர்ந்த பெனினாள் இரண்டு என்பவருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்."

அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு ஒருவரும் கை தூக்கினது கிடையாது. அன்று பிள்ளைகள் உள்பட எல்லாரும் தூக்கினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் எழுந்துவிட்டார்கள். "ஏலே, ரெண்டாவது யாருலே?"

"எம்மா, முதலாவது புள்ளையவே நான் ஒரு தடவைதாம்மா பாத்திருக்கேன்!"

பின்வரிசையில் ஞானாதிக்கம் எழுந்தார். கம்பீரமாக நடந்து முன்னால் வந்தார். மற்ற இரண்டு பேரும் பின்னால்.

"சபையார் கலங்கவேண்டாம்," என்றார். "இரண்டும் ஒன்றுதான். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்."

"ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு எழுதினது இல்ல," என்றார் ரூபி டீச்சர். "அதுக்கு நான் பொறுப்பு."

"ரெண்டும் வேற வேற பஸ்ஸுலதான் வந்துச்சு," என்றார் வேதமாணிக்கம்.

ஜெபகரன் கோயிலுக்கு வெளியே ஓடிப்போய், பெனினாளைப் போனில் கூப்பிட்டான். நிச்சயத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசின முதல் வார்த்தை இதுதான்: "நீங்க மொத்தம் எத்தனை பேரு?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். கமிட்டியை நினைத்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

"காலையில எண்ணும்போது ஒருத்திதான்," என்றாள். "எதுக்கும் நீங்க வந்து ஒருதரம் ஒப்பிட்டுப் பாத்துக்கிடுங்க."

அந்தப் பதிலிலேயே அவன் விழுந்துவிட்டான் என்று புஷ்பம் சொல்லுவாள். உபதேசியார் இரண்டாவது காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். முதல் ஓலை செல்லும் என்று ஆயிற்று. அடுத்த இரண்டு ஞாயிறும் பெனினாளே முதல் ஆளாகப் போய் நின்று, ஒரே காகிதம்தானா என்று பார்த்துக்கொண்டாள். மூன்றாம் ஓலைக்கு மறுநாள் திங்கட்கிழமை, லெந்துக்கு இரண்டு நாள் முன்னால், கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

கல்யாண மேடையில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் மாப்பிள்ளை. நடுவில் பெனினாள். மூன்றாவதில் ஒரு துண்டு விரித்திருந்தது. நீலக்கரை போட்டது.

"இது யாருக்கு மாமா?" என்று பெனினாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்குத்தாம்மா," என்றார் வேதமாணிக்கம். "ரெண்டாவது அடுத்த பஸ்ஸுல வந்தா உக்கார இடம் வேண்டாமா?"

விரித்த துண்டை எடுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. ஆகையால் அந்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை இருக்கிறான், பெண் இருக்கிறாள், பக்கத்தில் அந்தத் துண்டு இருக்கிறது. வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் துண்டுக்கும் மொய்க்கவர் வைத்துவிட்டுப் போனார்களாம்.

விருந்து முடிந்து பார்க்கும்போது நாற்காலி இருந்தது, துண்டைக் காணோம். யார் எடுத்ததோ. நீங்கள் அந்தப் பக்கம் போக வர இருக்கிறவர்கள். எங்கேயாவது கண்ணில் பட்டால், அது புஷ்பத்தின் துண்டு, கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிடுங்கள்.